படப்பிடிப்புத் தளங்களில் துப்பாக்கி விபத்துகள்

படப்பிடிப்புத் தளங்களில் துப்பாக்கி விபத்துகள் என்பவை, திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், இசைக் காணொளி முதலியவற்றைப் படம்பிடிக்கும்போது நடிப்புக்காகப் பயன்படுத்தப்படும் துப்பாக்கிகளால் எதிர்பாராமல் நேரும் உயிரிழப்புகளையும் காயங்களையும் குறிக்கும். இத்தகைய விபத்துகள் எண்ணிக்கையில் குறைவு. ஆயினும், பேசாப்படக் காலம் முதல் இன்றுவரை இவை தொடர்ந்து நிகழ்ந்துள்ளன. 1984இல் ஜோன்-எரிக் ஹெக்சம், 1993இல் பிராண்டன் லீ, 2021இல் ஹலீனா ஹட்சின்ஸ் ஆகியோரின் மரணங்கள் இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. மூன்றும் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தவை.

இவ்விபத்துகளில் துப்பாக்கியைக் கையாண்டவர்களுக்குக் கொல்லும் நோக்கம் இருக்கவில்லை. துப்பாக்கியில் ஆபத்தான எதுவும் இல்லை என்று அவர்கள் நம்பியிருந்தனர். அந்த நம்பிக்கை உரிய முறையில் சோதித்து உறுதிசெய்யப்படாததே பெரும்பாலான விபத்துகளுக்கு அடிப்படைக் காரணமாக அமைந்துள்ளது.

தோட்டாவின் வகைகள்

இவ்விபத்துகளைப் புரிந்துகொள்ளத் தோட்டாவின் அமைப்பை அறிதல் தேவை. ஒரு முழுமையான தோட்டாவில் நான்கு பகுதிகள் உள்ளன. அவை உலோக உறை, உறையின் அடியில் பொருத்தப்பட்டுள்ள எரியூட்டி (பிரைமர்), உறைக்குள் உள்ள வெடிமருந்து, உறையின் வாயில் பதிக்கப்பட்டுள்ள குண்டு என்பனவாம். விசையை இழுக்கும்போது துப்பாக்கியின் ஊசி எரியூட்டியைத் தாக்குகிறது. எரியூட்டியின் பொறி வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. அதனால் உண்டாகும் வளிமம் குண்டைக் குழல் வழியே வெளியே தள்ளுகிறது.

படப்பிடிப்பு தொடர்பாகத் தோட்டாக்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. உண்மைத் தோட்டா: மேற்கூறிய நான்கு பகுதிகளும் கொண்டது. படப்பிடிப்புத் தளத்துக்குள் இதனைக் கொண்டுவருதல் கூடாது என்பது பொது விதி.

2. வெற்றுத் தோட்டா: உறை, எரியூட்டி, வெடிமருந்து ஆகியன உண்டு, குண்டு இல்லை. உறையின் வாய் மடித்து மூடப்பட்டிருக்கும், அல்லது காகிதம், நெகிழி போன்றவற்றால் அடைக்கப்பட்டிருக்கும். சுடும்போது ஒலியும் தீப்பிழம்பும் புகையும் தோன்றும். வெடிமருந்தின் அளவைப் பொறுத்து முழு வேட்டு, அரை வேட்டு, கால் வேட்டு என இதில் வகைகள் உள்ளன.

3. போலித் தோட்டா: உறையும் குண்டும் உண்டு, வெடிமருந்தும் செயல்படும் எரியூட்டியும் இல்லை. ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கியை முன்புறமிருந்து அண்மையில் படம்பிடிக்கும்போது அதன் தோட்டா அறைகளில் குண்டின் முனைகள் தெரியும். அக்காட்சிகளுக்காகவே இது பயன்படுகிறது. உண்மைத் தோட்டாவிலிருந்து வேறுபடுத்திக் காட்ட, உறையின் பக்கத்தில் ஒரு துளை இடப்படும், அல்லது உள்ளே சிறு உலோக உருண்டை ஒன்று வைக்கப்படும். குலுக்கும்போது உருண்டை ஒலி எழுப்பினால் அது போலித் தோட்டா என்று அறியலாம்.

போலித் தோட்டாவும் உண்மைத் தோட்டாவும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். போலித் தோட்டா அதற்காகவே செய்யப்படுகிறது. எனவே பார்வையால் மட்டும் இவற்றைப் பிரித்தறிய முடியாது.

வெற்றுத் தோட்டாவின் ஆபத்து

குண்டு இல்லாததால் வெற்றுத் தோட்டா தீங்கற்றது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறாகும். வெடிமருந்து எரியும்போது உண்டாகும் சூடான வளிமம் மிகுந்த அழுத்தத்துடன் குழல்வாயிலிருந்து வெளியேறுகிறது. அதனுடன் எரியாத மருந்துத் துகள்களும் அடைப்புப் பொருளும் வேகமாக வெளிப்படுகின்றன. குழல்வாய் உடலைத் தொட்டுக்கொண்டோ மிக அண்மையிலோ இருந்தால் இவை தசையைக் கிழிக்கவும் எலும்பை உடைக்கவும் வல்லவை. தொலைவு கூடக்கூட இவ்வாற்றல் விரைவாகக் குறைகிறது.

குழலுக்குள் ஏதேனும் ஒரு பொருள் முன்னரே அடைபட்டிருந்தால், வெற்றுத் தோட்டாவின் அழுத்தம் அப்பொருளைக் குண்டுபோலவே வெளியே எறியும். பிராண்டன் லீயின் மரணம் இவ்வாறு நேர்ந்தது.

துப்பாக்கியின் வேட்டொலி 140 டெசிபெல்லைக் கடக்கக்கூடியது. மூடிய அரங்குகளில் இது செவிப்புலனை நிலையாகப் பாதிக்கலாம்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

தி கேப்டிவ் (1915)

அமெரிக்க இயக்குநர் செசில் பி. டெமில் 1915இல் இயக்கிய 'தி கேப்டிவ்' என்னும் பேசாப்படத்தின் படப்பிடிப்பில் வீரர்கள் ஒரு கதவை உடைத்து நுழையும் காட்சி இடம்பெற்றது. கதவு சிதறுவது உண்மையாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக முதலில் உண்மைத் தோட்டாக்கள் பயன்படுத்தப்பட்டன. அடுத்த பகுதியைப் படம்பிடிக்கும் முன் அவற்றை அகற்றி வெற்றுத் தோட்டாக்களை இடுமாறு கூறப்பட்டது. ஒரு துப்பாக்கியில் மட்டும் உண்மைத் தோட்டா அகற்றப்படாமல் இருந்தது. அது வெடித்ததில் துணை நடிகர் ஒருவர் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார்.

ஜோன்-எரிக் ஹெக்சம் (1984)

ஜோன்-எரிக் ஹெக்சம் 'கவர் அப்' என்னும் தொலைக்காட்சித் தொடரில் நடித்து வந்த 26 வயது அமெரிக்க நடிகர். 1984 அக்டோபர் 12 அன்று படப்பிடிப்பில் ஏற்பட்ட தாமதத்தின்போது, வெற்றுத் தோட்டா இடப்பட்டிருந்த .44 மேக்னம் சுழல் துப்பாக்கியைத் தம் நெற்றிப்பொட்டில் வைத்து விளையாட்டாக விசையை இழுத்தார். அடைப்புப் பொருள் மண்டையோட்டை ஊடுருவவில்லை. ஆனால் அதன் தாக்குதலால் மண்டையோட்டின் ஒரு துண்டு உடைந்து மூளைக்குள் சென்றது. அறுவை மருத்துவம் பலனளிக்கவில்லை. அக்டோபர் 18 அன்று அவர் மூளைச்சாவு அடைந்தார். அவருடைய இதயம் உள்ளிட்ட உறுப்புகள் கொடையாக வழங்கப்பட்டன.

பிராண்டன் லீ (1993)

பிராண்டன் லீ, புகழ்பெற்ற தற்காப்புக் கலைஞரும் நடிகருமான புரூஸ் லீயின் மகன். வட கரோலினா மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் 'தி குரோ' படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். 1993 மார்ச் 31 அன்று, அவர் ஏற்ற கதைமாந்தர் சுடப்படும் காட்சி படமாக்கப்பட்டது. மற்றொரு நடிகர் சில மீட்டர் தொலைவிலிருந்து வெற்றுத் தோட்டாவைச் சுட்டபோது, உண்மையான குண்டு ஒன்று லீயின் வயிற்றில் பாய்ந்தது. மருத்துவமனையில் பல மணி நேர அறுவை மருத்துவத்துக்குப் பின் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 28.

வெற்றுத் தோட்டாவிலிருந்து குண்டு எவ்வாறு வெளிவந்தது என்பது பின்னர் விளக்கப்பட்டது. முன்னர் எடுக்கப்பட்ட ஓர் அண்மைக் காட்சிக்குப் போலித் தோட்டாக்கள் தேவைப்பட்டன. தளத்தில் உரிய போலித் தோட்டாக்கள் இல்லாததால், உண்மைத் தோட்டாக்களைப் பிரித்து, வெடிமருந்தைக் கொட்டிவிட்டு, குண்டை மீண்டும் உறையில் பொருத்தினர். எரியூட்டி அகற்றப்படவில்லை. அத்துப்பாக்கியின் விசை எப்போதோ இழுக்கப்பட்டபோது, எரியூட்டியின் சிறு வெடிப்பு குண்டை உறையிலிருந்து தள்ளிக் குழலின் நடுவே சிக்க வைத்தது. இதனை எவரும் கவனிக்கவில்லை. பின்னர் அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா இடப்பட்டது. அதன் முழு அழுத்தமும் சிக்கியிருந்த குண்டை வெளியே எறிந்தது. விபத்து நடந்த வேளையில் துப்பாக்கி வல்லுநர் தளத்தில் இருக்கவில்லை.

இந்நிகழ்வில் எவர்மீதும் குற்ற வழக்கு தொடரப்படவில்லை. தொழிற்பாதுகாப்புத் துறை தயாரிப்பு நிறுவனத்துக்கு 84,000 டாலர் தண்டம் விதித்தது. அது பின்னர் 55,000 டாலராகக் குறைக்கப்பட்டது. மாற்று நடிகரையும் கணினி வரைகலையையும் கொண்டு படம் முடிக்கப்பட்டு 1994இல் வெளியானது. லீக்கு மாற்றாக நடித்த சண்டைக் கலைஞர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி, பின்னாளில் 'ஜான் விக்' படவரிசையின் இயக்குநர் ஆனார்.

பிரிஸ்பேன் (2017)

2017 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஓர் இசைக் காணொளிக்கான படப்பிடிப்பின்போது சண்டைக் கலைஞர் ஒருவர் மார்பில் காயமடைந்து இறந்தார். உண்மைத் தோட்டா எதுவும் பயன்படுத்தப்படவில்லை. வெற்றுத் தோட்டாவே இறப்புக்குக் காரணமாக அமைந்தது.

ரஸ்ட் (2021)

2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டா பே நகருக்கு அருகில், 'ரஸ்ட்' என்னும் படத்தின் ஒத்திகை நடைபெற்றது. நடிகரும் தயாரிப்பாளர்களுள் ஒருவருமான அலெக் பால்ட்வின் கையிலிருந்த சுழல் துப்பாக்கி வெடித்ததில், உக்ரைனில் பிறந்த ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் (வயது 42) உயிரிழந்தார். அதே குண்டு இயக்குநர் ஜோயல் சூசாவையும் காயப்படுத்தியது.

துப்பாக்கியில் போலித் தோட்டாக்கள் மட்டுமே இருப்பதாகக் கருதப்பட்டது. அதில் ஆபத்து இல்லை என்று அறிவிக்கப்பட்ட பின்னரே அது நடிகரிடம் வந்தது. ஆனால் அதில் ஓர் உண்மைத் தோட்டா இருந்தது. புலனாய்வில், தளத்தில் மேலும் சில உண்மைத் தோட்டாக்கள் போலித் தோட்டாக்களுடன் கலந்து கிடந்தமை தெரியவந்தது. விபத்துக்குச் சில நாள்களுக்கு முன்பே அத்தளத்தில் துப்பாக்கிகள் தவறுதலாக வெடித்திருந்தன. பாதுகாப்பு உள்ளிட்ட குறைகளைக் கூறிப் படப்பிடிப்புக் குழுவினர் சிலர் அன்று காலையிலேயே பணியிலிருந்து விலகியிருந்தனர்.

ஆயுதப் பொறுப்பாளர் ஹன்னா குட்டியரஸ்-ரீட், கொல்லும் நோக்கமின்றி மரணம் விளைவித்த குற்றத்துக்காக 2024 மார்ச்சில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, ஏப்ரலில் 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். உதவி இயக்குநர் டேவிட் ஹால்ஸ், ஆயுதத்தைக் கவனக்குறைவாகக் கையாண்ட குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஏற்று, ஆறு மாத நன்னடத்தைக் காலத் தண்டனை பெற்றார். தாம் விசையை இழுக்கவில்லை என்று பால்ட்வின் கூறினார். சான்று ஒன்றை அரசுத் தரப்பு எதிர்த்தரப்புக்கு உரியவாறு அளிக்கவில்லை என்ற காரணத்தால், அவர்மீதான வழக்கை 2024 ஜூலை 12 அன்று நீதிபதி தள்ளுபடி செய்தார். படம் பின்னர் மொன்டானா மாநிலத்தில் முடிக்கப்பட்டு 2025இல் திரையரங்குகளில் வெளியானது.

விபத்துகளின் பொதுத்தன்மைகள்

மேற்கண்ட நிகழ்வுகளை ஒப்பிடும்போது சில தன்மைகள் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன.

* உண்மைத் தோட்டா, அல்லது அதன் பகுதி, தளத்துக்குள் வந்திருத்தல் (1915, 1993, 2021).
* ஒரு காட்சிக்குப் பயன்பட்ட துப்பாக்கி, இடையில் குழலும் தோட்டா அறைகளும் சோதிக்கப்படாமல் மற்றொரு காட்சிக்குப் பயன்படுதல்.
* ஒருவர் சோதித்திருப்பார் என்று மற்றவர் நம்பிக்கொள்ளுதல்.
* துப்பாக்கிக்குப் பொறுப்பானவர் தளத்தில் இல்லாமை, அல்லது அவருக்கு வேறு வேலைகளும் சுமத்தப்பட்டிருத்தல்.
* கால நெருக்கடி, செலவுக் குறைப்பு, நீண்ட வேலை நேரம்.
* வெற்றுத் தோட்டாவை விளையாட்டுப் பொருளாகக் கருதுதல் (1984).

இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து நின்று மரணத்தை உண்டாக்குவது அரிது. பல சிறு குறைகள் ஒரே வேளையில் ஒன்றுசேரும்போதே விபத்து நேர்கிறது. 'தி குரோ' நிகழ்வில் எரியூட்டியை அகற்றியிருந்தாலோ, குழலை ஒருமுறை நோக்கியிருந்தாலோ, குழல்வாயை நடிகருக்குச் சற்று விலக்கிப் பிடித்திருந்தாலோ மரணம் தவிர்க்கப்பட்டிருக்கும்.

பாதுகாப்பு நடைமுறைகள்

அமெரிக்கத் திரைத்துறையின் தொழிலாளர்-நிர்வாகக் கூட்டுப் பாதுகாப்புக் குழு வெளியிடும் அறிக்கைகளுள் முதலாவது துப்பாக்கிகளையும் வெற்றுத் தோட்டாக்களையும் பற்றியதாகும். பிரித்தானியாவின் உடல்நல, பாதுகாப்பு ஆணையமும் இது குறித்து வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. பொதுவாகப் பின்பற்றப்படும் நடைமுறைகள் வருமாறு:

* எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பப்பட்டதாகவே கருத வேண்டும்.
* உண்மைத் தோட்டா எக்காரணம் கொண்டும் தளத்துக்குள் வரக்கூடாது.
* பயிற்சி பெற்ற ஆயுதப் பொறுப்பாளர் ஒருவரே துப்பாக்கிகளைப் பூட்டி வைத்தல், வழங்கல், திரும்பப் பெறுதல் ஆகியவற்றைச் செய்ய வேண்டும். படப்பிடிப்பு இடைவேளைகளில் துப்பாக்கி நடிகர் கையில் இருத்தல் கூடாது.
* ஒவ்வொரு முறை வழங்கும் முன்னரும் குழலும் தோட்டா அறைகளும் திறந்து காட்டப்பட வேண்டும். நடிகரும் அருகில் உள்ளோரும் அதனைப் பார்க்கும் உரிமை உடையவர்கள்.
* போலித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் குலுக்கியோ துளையைப் பார்த்தோ உறுதிசெய்ய வேண்டும். அவற்றைத் தளத்திலேயே செய்துகொள்ளல் கூடாது.
* துப்பாக்கியை எவரை நோக்கியும் நேராக நீட்டக்கூடாது. பக்கவாட்டில் சற்று விலக்கிப் பிடித்தாலும், படக்கருவியின் கோணத்தால் நேராகக் குறிவைப்பதுபோலவே தோன்றும்.
* குழல்வாய்க்கு எதிரே படக்கருவி இருக்க வேண்டுமானால், அதனைத் தொலைவிலிருந்து இயக்க வேண்டும், அல்லது இயக்குவோருக்குப் பாதுகாப்புத் தடுப்பு அமைக்க வேண்டும்.
* ஒத்திகைக்கு இரப்பர் அல்லது மரத்தாலான மாதிரித் துப்பாக்கி போதுமானது.
* ஐயம் எழுந்தால் எவரும் படப்பிடிப்பை நிறுத்தக் கோரலாம்.

மாற்று வழிகள்

வெடிமருந்து இல்லாமலேயே துப்பாக்கிக் காட்சிகளை எடுக்கும் முறைகள் இன்று பெருகியுள்ளன. இரப்பர், கண்ணாடியிழை ஆகியவற்றால் ஆன மாதிரிகள், குழல் அடைக்கப்பட்ட துப்பாக்கிகள், அழுத்தப்பட்ட வளிமத்தால் இயங்கிப் பின்னுதைப்பை மட்டும் காட்டும் துப்பாக்கிகள் ஆகியவை அவற்றுள் சில. தீப்பிழம்பும் ஒலியும் படத்தொகுப்பின்போது சேர்க்கப்படுகின்றன. 'ஜான் விக்' படங்களில் குழல் அடைக்கப்பட்ட துப்பாக்கிகளும் கணினியால் சேர்க்கப்பட்ட தீப்பிழம்புகளும் பயன்பட்டன. ரஸ்ட் விபத்தை அடுத்து, 'தி ரூக்கி' என்னும் தொலைக்காட்சித் தொடரின் தயாரிப்பாளர்கள் உண்மைத் துப்பாக்கிகளைக் கைவிடுவதாக அறிவித்தனர். கலிபோர்னியா மாநிலம் 2023இல் படப்பிடிப்புத் தளங்களில் துப்பாக்கிப் பயன்பாட்டுக்கான கட்டுப்பாடுகளைச் சட்டமாக்கியது.

பின்னுதைப்பு, தோட்டா உறை தெறித்தல், வேட்டொலிக்கு நடிகரின் இயல்பான அதிர்ச்சி ஆகியவை மாதிரிகளால் முழுமையாகக் கிடைப்பதில்லை என்பது உண்மைத் துப்பாக்கியை ஆதரிப்போரின் வாதம். காட்சியின் இயல்புத்தன்மைக்காக உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

இந்தியாவில்

சட்டம்

இந்தியாவில் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் வைத்திருத்தல், எடுத்துச் செல்லல் ஆகியவற்றுக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை. இச்சட்டம் 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டத்துக்கு மாற்றாக வந்ததாகும். இதன்கீழ் இயற்றப்பட்ட 1962ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக 2016இல் புதிய ஆயுத விதிகள் நடைமுறைக்கு வந்தன. இக்கட்டுப்பாடுகளின் காரணமாக, அமெரிக்காவைப் போலப் பொதுச்சந்தையில் துப்பாக்கியையும் தோட்டாவையும் எளிதில் வாங்கிப் படப்பிடிப்புக்குக் கொண்டுவரும் நிலை இங்கு இல்லை.

கவனக்குறைவால் மரணம் விளைவித்தல், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-அ பிரிவின்கீழ் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்கு மாற்றாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. இதன்படி ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

தமிழ்த் திரைப்படங்கள்

தமிழ்த் திரைப்படங்களில் துப்பாக்கிச் சண்டை நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. 1960களில் ஜெய்சங்கர் நடித்த 'வல்லவன் ஒருவன்' போன்ற துப்பறியும் படங்களும், 1970களில் ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான கர்ணன் எடுத்த 'கங்கா', 'ஜக்கம்மா' போன்ற குதிரைவீரர் படங்களும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. 2010இல் சிம்புதேவன் இயக்கிய 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' இவ்வகைப் படங்களை நகைச்சுவையாகக் கையாண்டது.

தமிழ்த் திரையுலகோடு தொடர்புடைய துப்பாக்கி நிகழ்வுகளுள் மிகவும் அறியப்பட்டது, 1967 ஜனவரி 12 அன்று நடிகர் எம். ஆர். ராதா, எம்.ஜி.ஆரை அவருடைய இராமாவரம் இல்லத்தில் சுட்ட நிகழ்வாகும். இது படப்பிடிப்புத் தளத்தில் நேர்ந்த விபத்து அன்று. குற்ற வழக்காக விசாரிக்கப்பட்டு ராதா தண்டனை பெற்றார். கழுத்தில் பாய்ந்த குண்டால் எம்.ஜி.ஆரின் குரல் பாதிக்கப்பட்டது.

பிற படப்பிடிப்பு விபத்துகள்

இந்தியப் படப்பிடிப்புத் தளங்களில் உயிரிழப்புக்குப் பெரும்பாலும் காரணமாக இருந்தவை துப்பாக்கிகள் அல்ல. தீ, உயரத்திலிருந்து விழுதல், வாகனங்கள், நீர்நிலைகள், கனரக இயந்திரங்கள் ஆகியவையே.

* 1980 நவம்பர் 16: மலையாள நடிகர் ஜெயன், சென்னைக்கு அருகிலுள்ள சோழவரத்தில் 'கோளிளக்கம்' படத்தின் உலங்கு வானூர்திச் சண்டைக் காட்சியில் விழுந்து இறந்தார்.
* 1989 பிப்ரவரி 8: மைசூரில் பிரீமியர் படப்பிடிப்பு நிலையத்தில், திப்பு சுல்தான் பற்றிய தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பின்போது தீப்பற்றி 62 பேர் இறந்தனர்.
* 2016 நவம்பர் 7: பெங்களூருக்கு அருகில் 'மாஸ்திகுடி' கன்னடப் படத்துக்காக உலங்கு வானூர்தியிலிருந்து நீர்த்தேக்கத்தில் குதித்த நடிகர்கள் இருவர் மூழ்கி இறந்தனர்.
* 2020 பிப்ரவரி 19: சென்னைக்கு அருகில் 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் பாரந்தூக்கி சாய்ந்து மூவர் இறந்தனர்.
* 2025 ஜூலை 13: நாகப்பட்டினம் மாவட்டத்தில் 'வேட்டுவம்' படத்துக்காக மகிழுந்துச் சண்டைக் காட்சியில் ஈடுபட்ட சண்டைக் கலைஞர் ஒருவர் இறந்தார்.

ஆபத்தின் வகை வேறாயினும், இவ்விபத்துகளில் இறந்தோருள் பலர் சண்டைக் கலைஞர்களும் தொழிலாளர்களுமே ஆவர். தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, 1981ஆம் ஆண்டின் திரைப்படத் தொழிலாளர் சட்டத்தையும் உள்ளடக்கியதாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. துப்பாக்கியைத் திறந்து பார்த்தல், பாரந்தூக்கியின் தாங்குதிறனைச் சோதித்தல், தீயணைப்புக் கருவியை அருகில் வைத்தல் ஆகியவை வெவ்வேறு செயல்களாயினும் அவற்றின் அடிப்படை ஒன்றே. பாதுகாப்பானது என்று ஒருவர் கூறியதை ஏற்பதோடு நில்லாமல், ஒவ்வொரு முறையும் நேரில் சோதித்து உறுதிசெய்தலே அவ்வடிப்படையாகும்.